கிளைடர் திட்டம் என்ன ஆச்சு: புதுப்பிப்பு

ஆடியில் கும்பலாக ராமநாதபுரம் கடற்கரைக்குப் போய் கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) பறக்கலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன் இல்லையா, அதைக் கைவிட்டாச்சு. காற்று தாராளமாகவே இருக்கிறது, ஆனால் கிளைடர் மிதக்க மேலெழும் காற்று வேண்டும்; கச்சான் காற்றை (தென்மேற்குக் காற்று) மேலே திருப்பிவிட மலைச்சரிவு வேண்டும், இங்கே தனுஷ்கோடி வரை தட்டை மணல்தான். போதாததற்குக் கடல்காற்று தரையைக் குளிரவைத்து வெப்பக்காற்று எழும்புவதையும் அமுக்கிவிடும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் வேறு.

சரி, ஆசைப்பட்டவர்களை ஏமாற்ற வேண்டாம் என்று வடகடல் கரையிலுள்ள பிரப்பன்வலசையில் பேடல் போர்டு (நின்றபடி துடுப்பு போடும் மிதவைப் பலகை) என மாற்றிவிட்டோம். கச்சான் அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம் மாதிரி கிடக்கும். அதை நம்பி வெகுதூரம் போய்விடாதீர்கள், காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும், திரும்பி வருவதுதான் பாடு. அதனால் விடிந்ததும் இறங்கி, காற்று வலுக்கும் முன் கரையேறிவிடுவோம். வேனுக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்கு: தேதி மாறவில்லை.