எசோடெரிக் கே-03 வைத்திருப்பவர்களுக்கு

கேள்வி: பழைய எசோடெரிக் கே-03 சிடி/எஸ்ஏசிடி பிளேயர் ஒன்று விலைக்கு வருகிறது. நான் கேட்பது பெரும்பாலும் சாதாரண சிடிதான், எஸ்ஏசிடி (சிடியைவிட உயர்தர ஒலிப்பதிவு கொண்ட வட்டு) குறைவு. வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம் சார். இதன் உயிரே விஆர்டிஎஸ் என்ற, சிடியைப் பிடித்துச் சுழற்றும் அமைப்புதான். பெரும்பாலான பிளேயர்கள் சிடியின் நடுப்பகுதியை மட்டுமே பிடிக்கும். இதில் சிடி அளவுக்கே உள்ள வட்டு ஒன்று மேலிருந்து அதை முழுதாகப் பற்றிக்கொண்டு சுழலும். லேசாக வளைந்த சிடியும் ஆடாது. என் வீணை சிடிகளில், மீட்டிய நாதம் தேய்ந்து அடங்குவது கடைசி இழை வரை காதில் விழுகிறது. அப்புறம், ஒற்றை ஆளாகத் தூக்காதீர்கள், நல்ல கனம்.

பதில்: நேரில் போய், நீளமான சிடியின் கடைசிப் பாட்டை ஓடவிடுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், தடுமாற்றம் பெரும்பாலும் விளிம்பில்தான் தெரியும். எஸ்ஏசிடியும் போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்: சரி, ஞாயிறு இரண்டையும் எடுத்துப் போகிறேன்.