பொறியியல் மாணவருக்குத் திட்ட மேலாண்மை: தனிப் பாடமா, புராஜெக்ட்டோடு சேர்த்தா?

திருகாணி:
திட்ட மேலாண்மைக்கென்று தனிப் பாடம் வைத்து, வாரம் 3 மணி வீதம் 15 வாரம் ஓட்டுவதை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. அந்த 45 மணியில் நடப்பது என்ன? திட்டம் எத்தனை நாளில் முடியும் என்று பார்க்கும் பெர்ட் கணக்கு, சிபிஎம் கணக்கு, கான்ட் சார்ட் (வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாக வரைவது), மிச்சத்துக்குப் பிஎம்ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பின் கையேட்டை உருப்போடுதல். அந்தக் கையேட்டின் 6ஆம் பதிப்பில் 49 செயல்முறைகள். 2021இல் வந்த 7ஆம் பதிப்பு அவற்றை ஓரங்கட்டிவிட்டு 12 கோட்பாடுகளை முன்னால் வைத்துவிட்டது. 49ஐயும் நெட்டுருப் போட்டவர் கையில் மிஞ்சியது என்ன?

அதற்குப் பதில் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குள்ளேயே 90 நிமிட வகுப்பு ஆறு போதும். 1ஆம் வாரம் வேலைப் பிரிப்பு, 2ஆம் வாரம் மதிப்பீடு, 3ஆம் வாரம் கால அட்டவணை, 5ஆம் வாரம் ரிஸ்க், 8ஆம் வாரம் மாற்றங்களைக் கையாளுதல், 14ஆம் வாரம் போட்ட கணக்கையும் நடந்ததையும் ஒப்பிடுதல். கருவி தேவைப்படும் வாரத்தில்தான் அது மண்டையில் ஏறும்.

வரைபடத்தான்:
உருப்போடுவதைத் தூக்கி எறியுங்கள், நானும் கை கொடுக்கிறேன். அதற்காக நெட்வொர்க் கணக்கையும் (எந்த வேலைக்குப் பின் எது என்று வலையாக வரைந்து நாள் கூட்டும் அந்தப் பெர்ட், சிபிஎம் கணக்கு) எறிவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை.

சாதாரண மாணவர் புராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நான்கு பேர் சேர்ந்து செய்யும் வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பிசிபி (மின்சுற்றுப் பலகை, அதாவது போர்டு) வடிவமைப்பு 5 நாள், அது தயாராகி வந்து சேர 12 நாள், சால்டரிங் (அதில் பாகங்களைப் பற்றவைத்தல்) 2 நாள். இன்னொரு பக்கம் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) 10 நாள், பெட்டி வேலை 6 நாள். எல்லாம் முடிந்தபின் இணைப்பு 4, சோதனை 5. எந்தக் குழுவைக் கேட்டாலும் "ஃபர்ம்வேர்தான் சார் கஷ்டம்" என்று அதில் மூன்று பேரைப் போடும். கணக்கு போட்டுப் பாருங்கள். பிசிபி பாதை 5+12+2 = 19. ஃபர்ம்வேருக்கு 9 நாள் ஃப்ளோட் (மொத்தக் கெடு தள்ளாமல் பிந்தக்கூடிய நாள்), பெட்டிக்கு 13 நாள். கிரிட்டிகல் பாத் (கெடுவைத் தீர்மானிக்கும் மிக நீளமான பாதை) பிசிபி வழியாக, மொத்தம் 28 நாள். ஃபர்ம்வேரில் ஆளைக் குவித்து ஒரு நாள்கூட மிச்சமாகாது. கஷ்டமான வேலை வேறு, கெடுவைத் தீர்மானிக்கும் வேலை வேறு. இதைப் பத்து கணக்காவது கையால் போட்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும். உங்கள் 3ஆம் வார 90 நிமிடத்தில் முன்னோக்கிக் கணக்கு (வேலை சீக்கிரம் எப்போது முடியும்), பின்னோக்கிக் கணக்கு (எதுவரை தள்ளலாம்) இரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

நட்டுபோல்ட்டு:
ஒரே ஒரு சந்தேகம். அந்த 5 நாள் யாருடைய நாள்?

திருகாணி:
நட்டுபோல்ட்டு சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். சிபிஎம் 1950களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆலைப் பணிகளுக்காக உருவானது. பெர்ட் 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக. இரண்டு இடத்திலும் ஆட்கள் முழுநேர வேலைக்காரர்கள். மாணவருக்கு வேறு ஐந்து பாடம் இருக்கிறது. புராஜெக்ட்டுக்கு வாரம் 6 மணி கிடைத்தால் அதிகம்.

உங்கள் எண்களையே 8 மணி நாளாக வைத்து மாற்றிப் பார்ப்போம். ஃபர்ம்வேர் 80 மணி. ஒருவர் வாரம் 6 மணி வீதம் செய்தால் 13.3 வாரம். பிசிபி வடிவமைப்பு 40 மணி, ஒருவருக்கு 6.7 வாரம். போர்டு வந்து சேர 12 நாள் என்பது காலண்டர் நாள், அது அப்படியே 1.7 வாரம். சால்டரிங் 16 மணி, 2.7 வாரம். பிசிபி பாதை ஆக 11 வாரம். கிரிட்டிகல் பாத் தலைகீழாகிவிட்டது! ஃபர்ம்வேர்தான் இப்போது கெடுவைத் தீர்மானிக்கிறது. இணைப்பு 32 மணி, சோதனை 40 மணி. நான்கு பேரும் உட்கார்ந்தால் வாரம் 24 மணி, ஆக 3 வாரம். மொத்தம் 16.3. பருவமோ 15 வாரம். தொடங்கும்போதே தோற்றுவிட்ட புராஜெக்ட், ஆனால் உங்கள் விடைத்தாளில் 28 நாள் என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண்.

வரைபடத்தான்:
அடி பலம்தான், வாங்கிக்கொள்கிறேன். உழைப்பு மணியையும் காத்திருக்கும் நாளையும் ஒரே அலகில் எழுதியது என் தவறு. பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் செய்யும் தவறும் அதுவே. ஆனால் ஐயா, அதை நீங்கள் கண்டுபிடித்தது எதை வைத்து? நான் சொன்ன அதே கணக்கை வைத்துத்தானே. கணக்கைத் தொடர்ந்து போடுங்கள்: ஃபர்ம்வேரில் இரண்டு பேர், பிசிபிக்கு ஒருவர், பெட்டிக்கு ஒருவர். ஃபர்ம்வேர் சுமார் 6.7 வாரம், பெட்டி 48 மணி, 8 வாரம். மறுபடி பிசிபி பாதை மேலே வருகிறது: 11+3 = 14 வாரம். ஒரு வாரம் கையிருப்பு.

இப்போது அடுத்த கேள்வி தானாக எழுகிறது. சால்டரிங் முடிந்தபின் போர்டில் தப்பு தெரிந்தால்? திருத்த 2 நாள் வேலை என்று வைத்தாலும் 2.7 வாரம், மறுபடி வரவழைக்க 1.7, மறுபடி சால்டரிங் 2.7. ஏழு வாரம். ஆகவே போர்டை ஆர்டர் செய்யும் முன் வேறொருவர் நான்கு மணி நேரம் உட்கார்ந்து இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதா வேண்டாமா, அல்லது பிசிபியையே விட்டுவிட்டு ஆயத்த மாட்யூல் வாங்குவதா என்ற முடிவுக்கு ஓர் எண் கிடைக்கிறது. ரிஸ்க் பட்டியலில் "போர்டு பழுதாகலாம், நடுத்தரம், மஞ்சள் நிறம்" என்று எழுதுவதால் எவருக்கும் எந்த முடிவும் கிடைக்காது.

பொறிமங்கை:
இருவரும் மதிப்பெண்ணை மறந்துவிட்டீர்கள். எதற்கு மதிப்பெண் போகிறதோ அதைத்தான் மாணவர் செய்வார்.

திட்டமிட்ட தேதியில் முடித்ததற்கு மதிப்பெண் என்றால், எல்லா மதிப்பீட்டையும் இரட்டிப்பாக்கி எழுதுவார்கள். வாராந்திர அறிக்கைக்கு மதிப்பெண் என்றால், 14ஆம் வார ராத்திரியில் பதினாலு அறிக்கையும் ஒரே பேனாவில் பிறக்கும். இதற்கு மருந்து: வகுப்பு நேரத்திலேயே ஐந்து நிமிடம், ஒரு விரிதாள், மூன்றே நெடுவரிசை: இந்த வாரம் எந்த வேலைப் பொட்டலம் (பிரித்தெடுத்த சிறு வேலை), போட்ட மணி (மதிப்பிட்டது), ஆன மணி (செலவானது). மதிப்பெண் வித்தியாசத்துக்கு அல்ல, வித்தியாசத்துக்குச் சொல்லும் காரணத்துக்கு. 5ஆம் வாரத்தில் ஆன மணியைப் போட்ட மணியால் வகுத்தால் 1.8 என்று வந்தால், மிச்ச வேலை அத்தனையையும் 1.8ஆல் பெருக்கிப் புது அட்டவணை தரவேண்டும். அங்கேதான் சத்தம் கிளம்பும்.

இன்னொன்று, "90 சதவீதம் முடிந்தது" என்ற சொல்லையே தடைசெய்யுங்கள். ஒரு வேலை தொடங்காதது 0, தொடங்கியது 50, சோதித்து ஒப்படைத்தது 100. இடையில் எண்ணே கிடையாது. வேலைப் பொட்டலம் 8 மணிக்கு மேல் போனால் உடைக்கச் சொல்லுங்கள். பெயரும் "ஃபர்ம்வேர் எழுதுதல்" என்று இருந்தால் முடிந்ததா என்று யாருக்கும் தெரியாது. "சென்சார் அளவு ஒவ்வொரு நொடியும் திரையில் தெரியும்" என்று இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

திருகாணி:
இதைத்தான் சொல்கிறேன், இது எதுவும் தேர்வுத்தாளில் அடங்காது. முடித்த வேலையைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் ஈட்டிய மதிப்புக் கணக்கையும் பாருங்கள். திட்டப்படி 100 மணி வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 70 மணி மதிப்பு, செலவானது 110 மணி. எஸ்பிஐ (முடிந்தது ÷ திட்டம்) 0.70, சிபிஐ (முடிந்தது ÷ செலவு) 0.64. பரீட்சையில் அத்தோடு முடிந்தது. ஆனால் எவ்வளவு தாமதமானாலும் வேலை முழுதும் முடியும் நாளில் எஸ்பிஐ 1க்கு வந்துவிடும் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? இரண்டு மாதம் பிந்திய புராஜெக்ட்டும் கடைசியில் 1.00 காட்டும். சொந்த எண்ணில் பார்த்தால்தான் அந்தக் கோளாறு உறைக்கும்.

நட்டுபோல்ட்டு:
பெர்ட்டின் (அ+4ம+ப)/6 சூத்திரத்துக்கும் (அ மிகக் குறைந்த நாள், ம அதிக வாய்ப்புள்ள நாள், ப மிக அதிக நாள்) இதே கதி. போர்டு வர 8, 12, 28 நாள் என்றால் சராசரி 14 என்று அழகாக வரும். ஒன்றையொன்று சாராத மூன்று பாதைகள் ஒரே இடத்தில் சேர்ந்து, ஒவ்வொன்றும் நேரத்தில் முடிய பாதி வாய்ப்பு என்றால், மூன்றும் சேர்ந்து முடிய எட்டில் ஒரு வாய்ப்புதான். இணைப்பு வேலை ஏன் எப்போதும் பிந்துகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. சூத்திரம் நடத்துபவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

வரைபடத்தான்:
திரும்பவேண்டும் என்றால் நேரம் வேண்டும் என்பதுதான் என் வாதமே. சரி, 45 மணி அதிகம், ஒத்துக்கொள்கிறேன். புராஜெக்ட்டுக்கு முந்தைய பருவத்தில் 12 மணி கொடுங்கள், கணக்குக்கு மட்டும். அதற்குமேல் உங்கள் ஆறு வகுப்பு. தேர்வில் ஒரே கேள்வி: வேலை மணிகள், ஆள் எண்ணிக்கை, ஒவ்வொருவருக்கும் வாரத்தில் கிடைக்கும் மணி, வெளியே காத்திருக்கும் நாட்கள் கொடுக்கப்படும். 15 வாரத்தில் முடியுமா? முடியாதென்றால் எதை வெட்டுவீர்கள், அதனால் எத்தனை வாரம் மிஞ்சும்?

திருகாணி:
அந்தக் கேள்விக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். 12 மணிக்கு மாட்டேன், 6 போதும். முந்தைய பருவத்தில் சொன்னது விடுமுறையோடு கரைந்துவிடும், அதே பருவத்தின் முதல் இரண்டு வாரத்தில் வையுங்கள்.

பொறிமங்கை:
முதல் இரண்டு வாரம் என்றால் தலைப்பே முடிவாகியிருக்காது. எந்த வேலைக்குக் கணக்குப் போடுவார்கள்?

திருகாணி:
முந்தைய ஆண்டுக் குழுக்களின் விரிதாள் இருக்கிறதே, போட்ட மணியும் ஆன மணியுமாக. பெயரை அழித்துவிட்டு அதைக் கொடுங்கள்.