ஆர்.ஆர். லைரே விண்மீனைப் படம் எடுத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஆர்.ஆர். லைரே விண்மீன் 13 மணி 36 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கிறது, அதாவது அதன் ஒளி ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பின் வீச்சு சுமார் 40 நாள் சுழற்சியில் கூடிக் குறையும், உச்சம் வரும் நேரமும் முன்பின்னாக நகரும். பிளாஷ்கோ விளைவு என்பார்கள். 1907-இல் வேறொரு விண்மீனில் கவனித்தது, காரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அதை என் கேமராவிலேயே பார்த்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

மொட்டைமாடியில் முக்காலி வைத்து எடுக்கிறேன். நேற்றும் ஒளி விறுவிறுவென ஏறும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் வந்து மூடிவிட்டது. கோவை, உடுமலைப் பக்கம் இந்த மாதம் அந்த விண்மீன் இருக்கும் லைரா மண்டலத்தைப் படமெடுத்தவர்கள் ரா கோப்புகளை (கேமரா பதிந்தபடியே, சுருக்காத கோப்புகள்), எடுத்த நேரத்தோடு அனுப்புவீர்களா? ஜேபெக் வேண்டாம், ஒளி அளவு கெட்டுவிடும். அப்புறம், கேமரா கடிகாரம் எவ்வளவு முன்பின் என்றும் சொல்லுங்கள்.