மைக்கோரைசாவுக்குத் தமிழில் எது சரி?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பள்ளி மாணவர்களுக்கான உயிரியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மைக்கோரைசாவில் வந்து நின்றுவிட்டேன். வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் தழைச்சத்தையும் பூஞ்சையின் இழைகள் கொண்டுவந்து தர, செடி தான் தயாரித்த சர்க்கரையில் பங்கு கொடுக்கும் அந்தக் கூட்டமைப்பு. ஓர் அத்தியாயம் முழுக்க வருகிறது. வேர்ப்பூஞ்சை, பூஞ்சைவேர், பூஞ்சைவேரி, வேர் உட்பூசணம் என நான்கு சொற்கள் என் கையில் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

* * *

> வேர் உட்பூசணம்

இதை முதலில் நீக்கிவிடுங்கள். வேளாண்மையில் உரமாக இடும் வகைக்கு அது பழகிய பெயர், அங்கே இருக்கட்டும். பைன், ஓக் மரங்களில் பூஞ்சை வேர்நுனிக்கு உறைபோட்டதுபோல் சூழ்ந்து, செல்களுக்கு இடையில் வலை பின்னிவிட்டு நின்றுவிடும். செல்லுக்குள் நுழையாது. அதை எப்படி 'உட்' என்பது? நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது மற்ற வகை. அது செல்சுவரைத் தாண்டிப்போய்க் குட்டி மரம்போல் கிளைக்கும். ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

வேர்ப்பூஞ்சை என்றால் வேரழுகல் போல ஏதோ நோய் என்றுதான் என் மாணவர்கள் எழுதுவார்கள். என் வாக்கு பூஞ்சைவேருக்கு. 1885இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபிராங்க் மைக்கோரைசா என்று பெயர் வைத்தபோது, கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இந்த வரிசையில்தான் சேர்த்தார்.

* * *

கிரேக்க வரிசை நமக்கு எதற்கு அம்மா? தமிழில் இப்படிப்பட்ட தொகைக்குப் பின்சொல்தான் தலை. பூஞ்சைவேர் என்றால் அது ஒரு வேர். வேர்ப்பூஞ்சை என்றால் அது ஒரு பூஞ்சை. ஃபிராங்க் பெயரிட்டதோ இரண்டும் கூடி உண்டான ஓர் உறுப்புக்கு. ஆக, நமக்கு வேண்டியது உம்மைத்தொகை. வேரும் பூஞ்சையும் வேர்பூஞ்சை. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது, 'செடிகொடி'யைப் பாருங்கள். அந்த ஒரு 'ப்' போனால் ஒட்டுமொத்த உயிரியலும் சரியாகிவிடுகிறது!

இன்னொன்று. 'பூஞ்சை உடம்பு' என்று மெலிந்தவனைச் சொல்கிறோம், அந்தச் சொல்லைப் போய் இதற்குக் கட்டுவானேன்? சங்கத்தமிழில் 'ஆம்பி' இருக்கிறது. புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார், சமையலையே மறந்துபோன அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்கிறார். பூசணம் பிடித்த பண்டத்தை இன்றும் 'பூத்துப்போச்சு' என்கிறோம் அல்லவா? பூஞ்சை, பூசணம், பூஞ்சணம் எல்லாம் அந்தப் பூத்தலிலிருந்தே வந்தவை என்பது என் கட்சி. 'வேராம்பி' என்று வைத்துப் பாருங்கள், வாயில் எப்படி நிற்கிறது!

* * *

வாயில் நிற்கும் ஐயா, வகுப்பில் நிற்காது. ஆம்பி என்றால் காளான். செல்லுக்குள் கிளைக்கும் அந்தப் பெருவாரி வகைப் பூஞ்சைகள் காளானே விடுவதில்லை. பிள்ளைகள் செடியைப் பிடுங்கிக் குடையைத் தேடுவார்கள்.

பூஞ்சைவேரியும் வேண்டாம். பழைய தமிழில் 'வேரி' என்றால் கள், தேன். 'இ' விகுதி போட்டால் எல்லாம் கலைச்சொல் ஆகிவிடும் என்ற நினைப்பில் வந்தது அது.

* * *

> வேரி என்றால் கள், தேன்

அப்படியானால் அதைவிடப் பொருத்தமான சொல்லே கிடையாது! செடியின் சர்க்கரையைக் குடித்துக்கொண்டுதானே அந்தப் பூஞ்சை உயிர்வாழ்கிறது?

சரி, விளையாட்டை விடுவோம். இருவருக்கும் ஆதாயம் என்பதுதான் இதில் முக்கியம். பெயரிலேயே அது தெரியட்டுமே: 'வேர்த்தோழமை'.

* * *

தம்பி, தோழமை என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருந்தால் செடி பூஞ்சையை அவ்வளவாக உள்ளே விடாது. கடுகுக் குடும்பத்தில் பெரும்பாலானவை இந்தக் கூட்டே வைத்துக்கொள்வதில்லை. பச்சையமே இல்லாத சில செடிகளோ, பூஞ்சை வழியாகப் பக்கத்து மரத்தின் சர்க்கரையை இழுத்துப் பிழைக்கின்றன. ஆர்க்கிட் விதை முளைக்கும்போது தருவது பூஞ்சை, வாங்கிக்கொள்வது விதை. இத்தனைக்கும் ஒரே பெயர்தான். யார் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் பெயர் சொல்லட்டும். யாருக்கு எவ்வளவு லாபம் என்பதைப் பாடம் சொல்லும்.

* * *

பாக்டீரியா, வைரஸ், செல் எல்லாவற்றையும் அப்படியே எழுதுகிறோம். மைக்கோரைசா மட்டும் என்ன பாவம் செய்தது? மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை அங்கே இந்தச் சொல்லைத்தான் சந்திக்கப்போகிறது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கும் சொல் தேர்வோடு செத்துப்போகும்.

* * *

தேர்வு எழுதுகிறவர்களைப் பாருங்கள். பாக்டீரியா வீடுவரை வந்துவிட்ட சொல். மைக்கோரைசாவை என் வகுப்பில் 'மைக்ரோரைசா' என்று எழுதாத விடைத்தாள் குறைவு. வேரும் பூஞ்சையும் காதில் விழுந்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். பூஞ்சைவேர் இல்லையென்றால் வேர்ப்பூஞ்சையாவது இருக்கட்டும், நோய் இல்லை என்று நான் வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

* * *

அனைவருக்கும் நன்றி. ஒற்று இல்லாத வேர்பூஞ்சை எனக்கும் பிடித்தது. ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் முதல் பக்கத்திலேயே 'ப்' போட்டுவிடுவார், நான் ஒவ்வொரு பக்கமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே வேர்ப்பூஞ்சை. முதல் முறை வரும் இடத்தில் மைக்கோரைசா என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். வகைகளுக்குப் புறவேர்ப்பூஞ்சை, அகவேர்ப்பூஞ்சை. இன்றிரவு அனுப்புகிறேன்.

* * *

அனுப்புங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். 'புறவேர்ப்பூஞ்சை' என்றால் புறவேரில் இருக்கும் பூஞ்சை என்றுதான் பொருள் வரும். புறவேர் என்று செடியில் ஒன்று கிடையாது. 'வேர்ப்புறப்பூஞ்சை' என்றாவது மாற்றுங்கள். அதிலும் இரண்டு ஒற்று வருகிறது, மெய்ப்புப் பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.