துளை விட்டமா, ஆணிவட்டமா?

அன்புடையீர், வணக்கம்.

சக்கரத்தின் போல்ட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்துக்குத் ‘துளை விட்டம்’ என்னும் சொல்லை நண்பர் முன்மொழிந்திருக்கிறார். சொல் சுருக்கமானதுதான். ஆனால் ஒரு சக்கரத்தில் அப்பெயருக்கு உரிமை கோரக்கூடிய அளவுகள் மூன்று உள்ளன: தனித்தனிப் போல்ட் துளையின் விட்டம், நடுத்துளையின் விட்டம், போல்ட் துளைகளின் மையங்கள் வழியே வரையும் வட்டத்தின் விட்டம். நாம் பெயர் தேடுவது மூன்றாவதற்கு. படிப்பவர் நினைப்பதோ முதலாவதை.

அமெரிக்கக் கனரகப் பிக்கப்புகளில் (பின்புறம் திறந்த சரக்குவண்டிகளில்) ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்ட முனைவோருக்கு இந்த மூன்றாம் அளவே முதல் தடை. 1990களின் நடுவில் ஃபோர்டு எஃப்-250, டாட்ஜ் ராம் 2500, ஷெவ்ரோலே 2500 ஆகியவற்றின் எட்டு போல்ட் சக்கரங்களில் அது 165.1 மி.மீ., அதாவது ஆறரை அங்குலம். பிறகு ஃபோர்டு எஃப்-250 அடங்கிய சூப்பர் டியூட்டி வரிசையின் 1999 மாடலில் 170 மி.மீ.க்கும், ஷெவ்ரோலே 2011 மாடலில் 180 மி.மீ.க்கும் மாற, ராம் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. 165.1, 170 இரண்டுக்கும் ஆரத்தில் உள்ள வேறுபாடு இரண்டரை மி.மீ.கூட இல்லையாதலால், எட்டுத் துளைகளை எண்ணிப் பார்த்து மட்டும் சக்கரம் வாங்கியவர் அதை மாட்டும்போதுதான் விழிப்பார்.

‘எதிர்த்துளை இடைவெளி’ என்ற மாற்றுச் சொல் எட்டுக்கும் ஆறுக்கும் சரியாக வரும். ஐந்து போல்ட் கார்ச் சக்கரத்தில் எந்தத் துளைக்கும் நேரெதிரே துளை இல்லை. ‘கடையாணி வட்டம்’ அழகாக ஒலிக்கிறது, ஆனால் மாட்டுவண்டியில் அச்சின் முனைக்கு ஒரு கடையாணிதான். ஒற்றை ஆணிக்கு ஏது வட்டம்?

போல்ட்டை மரையாணி என்று கொண்டு, என் பரிந்துரை ‘மரையாணி வட்டம்’, சுருக்கமாக ‘ஆணிவட்டம்’. ‘ஆணிவட்டம் 8 × 170’ என்று எழுதினால் எண்ணிக்கையும் விட்டமும் ஒருங்கே விளங்கும். ஆணி என்றால் சுவரில் அடிப்பதுதானே என்பார்க்கு, அச்சாணியும் திருகாணியும் நம்மிடம் முன்பே உள்ளன.

ஆணிவட்டம் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. வண்டித் தச்சர் குடம் என்று சொல்லும் நடுப்பகுதியின் விளிம்பில் நடுத்துளை இறுக்கமாக அமர்ந்து சக்கரத்தை மையப்படுத்துவது ஒரு முறை; கூம்பு வடிவ நட்டுகளே மையப்படுத்துவது இன்னொன்று. இவற்றுக்குக் ‘குடமையப் பொருத்தம்’, ‘ஆணிமையப் பொருத்தம்’ எனலாம். ராமின் நடுத்துளை ஏறத்தாழ 121 மி.மீ., சூப்பர் டியூட்டியினுடையது ஏறத்தாழ 125. ஆகவே குடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடைத்தட்டு வைத்து ஆணிவட்டத்தை மாற்றுவோர், அத்தட்டின் வெளிப்புற விளிம்பு புதிய சக்கரத்தின் நடுத்துளைக்கு ஒத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியுள்ளது.

‘குடமையம்’ என்பதைக் குடத்தின் மையப்புள்ளி என்று எவரேனும் பிரித்துவிடுவாரோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ‘குடப்பிடி’ என்றும் எண்ணிப் பார்த்தேன். இரு முறையிலும் சக்கரத்தைப் பிடித்திருப்பவை நட்டுகளே என்பதால் கைவிட்டேன். இதனினும் தெளிவான சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.