நொறுங்கெண்: பகாக் காரணிகள் யாவும் சிறியவையான எண்ணுக்கு ஒரு பெயர்

குழுவினர்க்கு வணக்கம்.

ஓர் எண்ணின் பகாக் காரணிகள் யாவும் குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்கினால் அதனை எவ்வாறு அழைப்பது என்ற வினாவுக்கு 'வழுவழுப்பெண்', 'சிறுகாரணி எண்' என இரு முன்மொழிவுகள் வந்துள்ளன. முன்னது இவ்வகை எண்ணைக் குறிக்கும் 'ஸ்மூத்' (வழுவழுப்பான) என்ற ஆங்கிலச் சொல்லின் வெறும் நிழல். பின்னது பொருளை நெருங்குகிறதெனினும், இரட்டைப்படை எண் ஒவ்வொன்றுக்கும் 2 என்ற சிறு காரணி உண்டாகையால், அவை அனைத்தையும் இவ்வகையில் சேர்த்துவிட இடங்கொடுக்கும். நமக்கு வேண்டியது மிகப் பெரிய பகாக் காரணியும் சிறியது என்ற கருத்து.

பகா எண் எனக் கணித அறிஞர் மெர்சென் 1644இல் பட்டியலிட்ட 2⁶⁷ − 1, அதாவது 147573952589676412927, நல்ல சான்று. அது பகு எண் என்று லூக்கா 1876இல் காரணி காட்டாமலேயே நிறுவினார். 193707721, 761838257287 என்ற காரணிகளைக் கோல் 1903இல் அளித்தார். ஒவ்வொன்றிலும் 1 கழித்துப் பகுத்தால் வருவன:

193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677
761838257286 = 2 × 3² × 29 × 67 × 2551 × 8539

ஒரு பகாக் காரணியில் 1 கழித்து வரும் எண், வரம்பைத் தாண்டாத சிறு காரணிகளாகவே பகுபடுமாயின், அக்காரணியைப் பிரித்தெடுக்கும் முறையைப் பொல்லார்டு 1974இல் வெளியிட்டார்; அதில் ஓர் எண்ணை அடியாகக் கொண்டு அடுக்கேற்றிக் கணிப்பர். வரம்பை 2677 என வைத்து, பொருத்தமான அடியைக் கொண்டு கணித்தால், முதற்காரணி மட்டும் தனியே பிரிந்துவரும். மற்றதை 8539 தடுத்து நிறுத்துகிறது. (2ஐ அடியாகக் கொள்வது வீண், அதன் 67ஆம் அடுக்கு இரு காரணிகளிலும் 1ஐயே மீதியாகத் தருவதால் முழு எண்ணும் ஒருசேர வந்துவிடும்.)

193707720 இவ்வாறு சிறு பகாக் காரணிகளாக நொறுங்கிவிடுவதே இங்குப் பயன்படுகிறது; ஆகவே 'நொறுங்கெண்' என்பதை முன்வைக்கிறேன். 'பகு எண்' போலவே இதுவும் வினைத்தொகை. நான் கற்பிக்கும் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள், 'அபாஜ்யசங்க்ய' என்று படித்திருந்தாலும் 'பகா எண்' என்றதும் பிடித்துக்கொள்கின்றனர். காரணிக்கு அவர்கள் படித்த 'கடகம்' தமிழில் ராசியாகிவிடுவதால் அதனை மட்டும் விளக்க வேண்டியிருக்கிறது. நுறுக்கரிக் கஞ்சி (நொறுங்கிய அரிசிக் கஞ்சி) அறிந்த அவர்களுக்கு நொறுங்குதல் அந்நியமன்று.

---

ஐயா, வணக்கம்.

'நொறுங்கெண்' எனக்கு உடன்பாடே. வரம்பைச் சேர்க்கும்போது மட்டும் '2677க்குள்' என வேண்டாம். 2677 விலக்கப்பட்டதாக வாசிக்க நேரும். '2677 வரை நொறுங்கெண்' எனில் 2677உம் அடங்கும்.

'நொறுங்கா எண்' என்று எதிர்ச்சொல் படைப்பதையும் தவிர்க்கலாம். பகாக் காரணிகளில் ஒன்றுகூட வரம்பைவிடச் சிறியதாக இல்லாத எண்களுக்கு வேறொரு பெயர் தேவைப்படுகிறது; 'நொறுங்கா எண்' என்றால் அவற்றையே நினைப்பார்கள். தாங்கள் காட்டிய 761838257286, 2677 வரை நொறுங்குவதில்லை. ஆனால் 2ஆல் வகுபடுவதால் அந்த மற்ற வகையிலும் சேராது. அவ்வகைக்குக் 'கரட்டெண்' எனலாமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.