ஸ்கேனில் வரும் புள்ளியும் கோடும்: பெங்களூர்த் தண்ணீரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு

புள்ளியைப் பார்த்ததும், கம்ப்யூட்டரில் அதை மறைக்கும் ஹீலிங் பிரஷ்ஷுக்குப் போகாதீர்கள். அது வெள்ளையா கறுப்பா என்று முதலில் பாருங்கள். நெகட்டிவை ஸ்கேன் பண்ணிப் பாசிட்டிவ் ஆக்கிய படத்தில் வெள்ளை என்றால், ஃபிலிம் மேல் ஏதோ உட்கார்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. தூசி, நார், உப்புக் கறை. கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கறுப்பு என்றால் அந்த இடத்தில் படத்தை உண்டாக்கும் வெள்ளியே இல்லை. படத்தை வரவைக்கும் மருந்தான டெவலப்பரில் ஒட்டிக்கொண்ட காற்றுக்குமிழி, இல்லையென்றால் படம் எடுக்கும்போதே கேமராவுக்குள் ஃபிலிம் மேல் கிடந்த தூசி. அதை எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது, கம்ப்யூட்டரில்தான் சரிசெய்ய வேண்டும். கீறலுக்கும் இதே கணக்கு: ஃபிலிமின் பளபளப்பான பிளாஸ்டிக் பக்கத்தில் (பேஸ்) விழுந்த கீறல் வெள்ளைக் கோடாக விழும், மறுபக்கம் படம் இருக்கும் ஜெலட்டின் பூச்சு (எமல்ஷன்) பெயர்ந்திருந்தால் கறுப்புக் கோடு.

இன்னும் சந்தேகமா? ஃபிலிமை ஹோல்டரில் கொஞ்சம் நகர்த்தி மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். படத்தோடு கறையும் நகர்ந்தால் ஃபிலிமில் இருக்கிறது, நகராவிட்டால் ஸ்கேனர் கண்ணாடியில். மேலிருந்து கீழ்வரை நேர்கோடு வந்தால், ஹோல்டர் தலைமாட்டில், ஸ்கேனர் தன் வெளிச்சத்தைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷன் இடைவெளியில் ஒரு தூசி போதும்.

*

குமிழிக்கு ஒரு வார்த்தை: டெவலப்பர் ஊற்றியதும் ஃபிலிம் இருக்கும் டாங்க்கை மேஜையில் நாலு தட்டுத் தட்டுங்கள்.

இங்கே பாதித் தொல்லை தண்ணீர்தான் சார். போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர் காய்ந்தால் பேஸ் பக்கம் வளையம் வளையமாக வெள்ளை உப்பு. கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர், லிட்டருக்கு 5 மில்லி இல்ஃபோடால் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழிய உதவும் திரவம்). கூட ஊற்றினால் அதுவே திட்டாகக் காயும். பேட்டரி கடையில் 5 லிட்டர் கேன் கிடைக்கும். ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

ஏற்கெனவே கறை விழுந்ததா? டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பாருங்கள். போகாவிட்டால் வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சமமாகக் கலந்து 2 நிமிடம், பிறகு நன்றாக அலசல். முதலில் வேண்டாத துண்டில் செய்து பாருங்கள். ஈர எமல்ஷனை விரலாலோ ஸ்க்வீஜி என்கிற ரப்பர் வழிப்பானாலோ வழிக்கவே கூடாது.

*

பேஸ் பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்தாலும் போகுமே அண்ணா?

*

போகும் தம்பி, ஆனால் மெடிக்கலில் விற்கிற 70 சதவீதம் வேண்டாம். மீதி 30 தண்ணீர், அதுவே புதுக் கறை போடும். எஸ்.பி. ரோடில் போன் ரிப்பேர்காரர்கள் வாங்கும் 99 சதவீத ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்), நாரில்லாத துணி, ஒரே திசையில் ஒரு இழுப்பு.

மழைக்காலத்தில் நூல் நூலாகப் படரும் பூஞ்சைக்கும் இதுதான். அங்கே தண்ணீரே படக்கூடாது: பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படமும் சேர்ந்து போய்விடும்.

*

ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் டிஜிட்டல் ஐஸ் பட்டனை அணைத்து வையுங்கள். அது இன்ஃப்ராரெட்டில் தூசி தேடுகிறது. வெள்ளியும் இன்ஃப்ராரெட்டை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து விளிம்புகளைக் குதறிவிடும். எக்ஸ்பி2 மாதிரி, கலர் நெகட்டிவ் முறையான சி-41ல் கழுவுகிற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மட்டும் வேலை செய்யும்.

ஃபிலிம் பால் மாதிரி மங்கலாக இருந்தால் ஃபிக்ஸ் (மீதி வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கும் கட்டம்) போதவில்லை, டி-மேக்ஸ், டெல்டா ஃபிலிம்களில் இது சகஜம். புது ரேபிட் ஃபிக்ஸர் 1+4 (ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர்), 5 நிமிடம், வெளிச்சத்திலேயே செய்யலாம். பிறகு அலச, தண்ணீர் மாற்றி மாற்றி டாங்க்கை முதலில் 5, அடுத்து 10, கடைசியில் 20 கவிழ்ப்பு.